நெல்மணி பிறக்கும் கருப்பை: பதரைக் குறைக்க விவசாயிகள் அறிய வேண்டியவை

களத்தில் நெல்லைத் தூற்றும்போது மணி ஒரு பக்கம் விழுகிறது. பதர் காற்றோடு போகிறது. பதர் சற்று அதிகமாக இருந்துவிட்டால் விதை சரியில்லை என்பார் ஒருவர். உரம் போதவில்லை என்பார் இன்னொருவர். இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு நெல் மணியாவதா, பதராவதா என்பது களத்தில் முடிவாகும் காரியமல்ல. அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, கதிர் தொண்டையில் இருந்த நாட்களிலும், வெளிவந்து பூத்த நாட்களிலும் அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

அந்த நாட்களில் ஒவ்வொரு நெற்பூவின் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பை உருவாகிறது. இதற்குத் தாவரவியலில் கருப்பை என்று பெயர். நெல், சோளம், நிலக்கடலை, மா, தென்னை என்று பூத்துக் காய்க்கும் பயிர் எதுவாயினும் விதை தொடங்குமிடம் இந்தப் பைதான். இது எவ்வாறு உருவாகிறது, எந்த நாளில் உருவாகிறது, அதற்கு எவற்றால் கேடு வருகிறது என்று தெரிந்துகொண்டால், தண்ணீரையும் மருந்தையும் எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது தானே விளங்கும்.

நெற்பூவின் அமைப்பு

கதிரில் தொங்கும் ஒவ்வொரு நெல்லும் முதலில் ஒரு பூவாகவே இருந்தது. பின்னால் உமியாகப் போகும் இரண்டு செதில்கள் அந்தப் பூவை மூடிக்கொண்டிருக்கும். உள்ளே மகரந்தப்பைகள் ஆறு. நடுவில் ஒரு சூற்பை. சூற்பையின் தலையில் இறகு போன்ற இரண்டு சூலகமுடிகள். சூற்பைக்குள்ளே இருப்பது ஒரே ஒரு சூல்.

ஒரு பூவுக்கு ஒரு சூல். ஒரு சூலுக்கு ஒரு மணி. இதுவே நெல்லின் கணக்கு. பூசணியிலோ கத்தரியிலோ ஒரு பூவுக்குள் நூற்றுக்கணக்கான சூல்கள் உண்டு. சில சூல்கள் தவறினாலும் காய் காய்க்கும். நெல்லில் அந்த ஒரு சூல் தவறினால் அந்தப் பூ பதர்தான். அதற்கு மாற்று ஏதும் கிடையாது.

ஓர் உயிரணு எட்டாகும் விதம்

கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும்போதே சூலின் உள்ளே இருக்கும் உயிரணுக்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகிறது. இதுவே தாய் அணு. நெற்பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் 24 குரோமோசோம்கள் உள்ளன. தாய் தகப்பன் குணங்களைத் தாங்கி நிற்பவை இவை. தாய் அணு இரண்டு முறை பிரிந்து நான்கு அணுக்களாகிறது. இந்தப் பிரிவில் குரோமோசோம்கள் பாதியாகக் குறைந்து, ஒவ்வோர் அணுவுக்கும் 12 மட்டுமே சேர்கின்றன. ஆகவே இதைக் குன்றல் பகுப்பு என்கிறார்கள். மகரந்தப்பையில் மகரந்தத்தூள் உண்டாவதும் இதே முறையில், ஏறத்தாழ இதே நாட்களில்தான்.

நான்கு அணுக்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆனால் நான்கும் வாழ்வதில்லை. ஒரு குழியில் முளைத்த நான்கு கன்றுகளில் மூன்றைக் களைந்து ஒன்றை மட்டும் விட்டுவைப்பதுபோல, மூன்று அணுக்கள் நசிந்து மறைந்துவிடுகின்றன. சூலின் உட்புறக் கோடியில் இருப்பது மட்டும் பிழைக்கிறது. மற்ற மூன்றுக்கும் சேர வேண்டிய இடமும் உணவும் அதற்கே கிடைக்கின்றன.

பிழைத்த அணு நீண்டு பருத்துப் பை போலாகிறது. அதன் உட்கரு ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும், நான்கு எட்டாகவும் மூன்று முறை பிரிகிறது. இதுவரை நடுவில் சுவர் எதுவும் எழும்புவதில்லை. ஒரே கூடத்தில் எட்டுப் பேர் இருப்பதுபோல, பையின் இரு கோடிகளிலும் நந்நான்கு உட்கருக்கள் இருக்கின்றன. பிறகு ஒவ்வொரு கோடியிலிருந்தும் ஓர் உட்கரு நடுவுக்கு நகர்கிறது. அதன் பின்னரே சுவர்கள் எழும்புகின்றன. முடிவில் ஏழு அணுக்களும் எட்டு உட்கருக்களும் கொண்ட கருப்பை தயாராகிவிடுகிறது.

இந்த அமைப்பை 1879-ல் எட்வர்ட் ஸ்டிராஸ்பர்கர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, நம் ஊர் வாய்க்கால் ஓரங்களில் காணப்படும் ஆற்றலரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியில் கண்டு எழுதினார். பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றில் இதே அமைப்புதான் உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பஞ்சானன் மகேஸ்வரி 1950-ல் வெளியிட்ட தாவரக் கருவியல் நூல் இத்துறையில் உலகப் புகழ் பெற்றது.

ஏழு அணுக்களின் வேலைகள்

சூலின் ஒரு முனையில் ஊசித்துளை போன்ற ஒரு வழி இருக்கிறது. இது சூல்துளை. கருப்பையின் வாசல் என்று இதைச் சொல்லலாம். வாசலை ஒட்டி மூன்று அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று முட்டை அணு. அடுத்த தலைமுறைப் பயிர் இதிலிருந்தே வரவேண்டும். அதன் இரு பக்கத்திலும் துணை அணுக்கள் இரண்டு.

எதிர்க்கோடியில் மூன்று அணுக்கள். இவை எதிர்முனை அணுக்கள் எனப்படும். நெல், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களில் இவை மேலும் பிரிந்து பலவாகின்றன. தாய்ச் செடியிலிருந்து வரும் உணவைக் கருப்பைக்குக் கொடுப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

நடுவே உள்ள பெரிய இடம் முழுவதும் நடு அணுவுக்கு உரியது. இரு கோடிகளிலிருந்தும் நகர்ந்து வந்த இரண்டு உட்கருக்களும் இதற்குள்ளேதான் இருக்கின்றன. இந்த நடு அணுவை விவசாயிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சமைத்து உண்ணும் அரிசி இதிலிருந்துதான் வருகிறது.

துணை அணுக்களின் வேலை நெடுங்காலம் சரியாக விளங்காமல் இருந்தது. டொரீனியா என்ற அழகுச் செடியில் கருப்பை சூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2001-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தச் செடியின் கருப்பையில் ஒவ்வோர் அணுவாக லேசர் கதிரால் அழித்துப் பார்த்தனர். துணை அணுக்கள் இரண்டையும் அழித்தபோது மகரந்தக் குழாய் கருப்பையை நாடி வரவில்லை. இரண்டில் ஒன்று இருந்தாலும் வந்தது. மகரந்தக் குழாயை வரவழைக்கும் ஒரு வகைப் புரதத்தைத் துணை அணுக்கள் சுரக்கின்றன என்பதை 2009-ல் அவர்கள் மெய்ப்பித்தனர். வாசலில் நின்று விருந்தாளிக்கு வழிகாட்டும் வேலை துணை அணுக்களுடையது.

ஒரே பூவில் இரண்டு கூடல்கள்

மகரந்தத்தூள் சூலகமுடியில் விழுந்த சில நிமிடங்களில் முளைக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சூற்பைக்குள் இறங்கி, சூல்துளை வழியே கருப்பையை அடைகிறது. துணை அணுக்களில் ஒன்றினுள் நுழைந்து, தான் கொண்டுவந்த இரண்டு ஆண் அணுக்களையும் அங்கே விடுகிறது. குழாயை ஏற்ற துணை அணு அத்துடன் அழிந்துவிடுகிறது.

ஆண் அணுக்களில் ஒன்று முட்டை அணுவுடன் சேர்கிறது. பன்னிரண்டும் பன்னிரண்டும் கூடி 24 குரோமோசோம்கள் கொண்ட கரு உண்டாகிறது. இதுவே அரிசியின் முனையில் சிறிதாகத் தெரியும் முளைப்பகுதி. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவது இதுதான்.

மற்றோர் ஆண் அணு நடு அணுவுடன் சேர்கிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு உட்கருக்கள் இருப்பதால் மூன்று பன்னிரண்டு கூடி 36 குரோமோசோம்கள் ஆகின்றன. இதிலிருந்து வளர்வது கருவூண். கருவுக்கு ஊணாக இருப்பதால் இந்தப் பெயர். நாம் உண்ணும் வெள்ளை அரிசி முழுவதும் இந்தக் கருவூணே. முளைக்கும் நாற்றுக்கு முதல் உணவாகச் செடி சேர்த்து வைத்ததை நாம் எடுத்து உண்கிறோம்.

ஒரே சமயத்தில் இவ்வாறு இரண்டு கூடல்கள் நடப்பதை 1898-ல் ருசிய விஞ்ஞானி செர்கெய் நவாஷின் லில்லி இனப் பூக்களில் கண்டார். மறு ஆண்டே பிரெஞ்சு விஞ்ஞானி கின்யார் தனியாக இதை உறுதி செய்தார். மக்காச்சோளம் பயிரிட்டவர்களின் ஒரு பழைய ஐயமும் இதனால் தீர்ந்தது. வெள்ளை மக்காச்சோளத்துக்கு அருகில் மஞ்சள் மக்காச்சோளம் இருந்தால், வெள்ளைக் கதிரிலேயே ஆங்காங்கே மஞ்சள் மணிகள் தோன்றும். மஞ்சள் செடியின் மகரந்தம் வெள்ளைச் செடியின் நடு அணுவோடும் சேர்ந்து கருவூணை உண்டாக்குவதால், தகப்பன் நிறம் அந்த ஆண்டு மணியிலேயே தெரிந்துவிடுகிறது.

கருவூண் வளர்வதைக் கண்ணால் காண விரும்புபவர்கள் ஓர் இளநீரைச் சீவிப் பார்க்கலாம். தென்னையில் நடு அணு கருவுற்ற பின் உட்கருக்கள் பல்கிப் பெருகுகின்றன. நெடுநாள் வரை சுவர் எழும்புவதில்லை. உட்கருக்கள் மிதக்கும் அந்த நீரே இளநீர். பிறகு ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் சுவர்கள் தோன்றி வழுக்கையாகி, முற்றித் தேங்காய்ப் பருப்பாகிறது. நீரும் பருப்பும் ஒரே கருவூணின் இரண்டு நிலைகள். நெல்லிலும் முதல் சில நாட்கள் கருவூண் இப்படிச் சுவரில்லாமல்தான் இருக்கிறது. பிறகு விரைவில் சுவர்கள் எழும்பி, மாவு சேர்ந்து, பால் பிடிக்கிறது.

வயலில் அந்த நாளைக் கண்டறிவது எப்படி?

கருப்பை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உருவாகும் நாளை வயல் வரப்பில் நின்றே கண்டறியலாம். நெல் ரகம் எதுவானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாட்கள். குன்றல் பகுப்பு நடப்பது கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10 முதல் 12 நாட்களுக்கு முன். எனவே ரகத்தின் வயதிலிருந்து 30 நாட்களைக் கழித்தால் பூக்கும் காலம் கிடைக்கும். 40 முதல் 42 நாட்களைக் கழித்தால் குன்றல் பகுப்பு நடக்கும் காலம் கிடைக்கும்.

110 நாள் ரகமானால், நாற்று விட்ட நாளிலிருந்து 68 முதல் 70 நாட்களில் குன்றல் பகுப்பு. 80-ம் நாளை ஒட்டிப் பூப்பு. 135 நாள் ரகமானால் 93 முதல் 95 நாட்களும், 105-ம் நாளும் ஆகும். பருவத்தையும் பட்டத்தையும் பொறுத்துச் சில நாட்கள் முன்பின்னாகலாம்.

செடியே காட்டும் அடையாளமும் உண்டு. கடைசியாக வரும் கண்ணாடி இலையைப் பார்க்க வேண்டும். இலையும் இலையுறையும் சேரும் இடத்தில் ஒரு கழுத்து இருக்கிறது. கண்ணாடி இலையின் கழுத்து மேலேறி, அதற்கு அடுத்த கீழ் இலையின் கழுத்துக்கு நேராக வரும் சமயத்தில், உள்ளே கதிரில் குன்றல் பகுப்பு நடந்துகொண்டிருக்கும். வயலில் பத்துப் பதினைந்து குத்துகளில் முதன்மைத் தூரைப் பார்த்தால் போதும். அந்த நாள் முதல் பூத்து முடியும்வரை உள்ள சுமார் 20 நாட்கள்தான் பயிரின் மிக நுட்பமான காலம்.

எவற்றால் கேடு வருகிறது?

கருப்பை சூலுக்குள்ளும், சூல் சூற்பைக்குள்ளும், சூற்பை உமிக்குள்ளும் பத்திரமாக இருக்கின்றன. ஆதலால் பெண் பாகம் ஓரளவு தாங்கும். மகரந்தம் அவ்வாறு தாங்குவதில்லை. பதர் மிகுவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் கெடுவதே காரணம். கருப்பை நன்றாகவே இருந்தும், வர வேண்டிய மகரந்தம் வராமையால் வீணாகிறது.

முதல் கேடு வறட்சி. தொண்டைக் கதிர்ப் பருவத்தில் நிலம் காய்ந்து வெடித்தால் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. கதிரும் முழுவதுமாக வெளிவராமல் உறைக்குள் சிக்கிக்கொள்கிறது. தூர் கட்டும் பருவத்தில் ஏற்படும் வாட்டத்தைப் பிறகு தண்ணீர் கிடைத்தால் பயிர் ஓரளவு ஈடு செய்துகொள்ளும். தொண்டைக் கதிரிலும் பூக்கும்போதும் ஏற்படும் வாட்டத்தை எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும் ஈடு செய்ய இயலாது.

இரண்டாவது வெப்பம். பூ விரியும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் மகரந்தப்பை சரியாக வெடிப்பதில்லை. தூள் முளைப்பதும் குறைகிறது. நவரைப் பட்டத்தில் காலம் தாழ்த்தி நட்ட பயிருக்கு இந்த ஆபத்து உண்டு. இதற்கு மாறாக, குன்றல் பகுப்பு நாட்களில் கடுங்குளிர் தொடர்ந்தாலும் மகரந்தம் மலடாகும். மலைப்பகுதி நெல்லுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது மழையும் மருந்தும். நெற்பூ பெரும்பாலும் காலை 9 மணி முதல் 11 மணிக்குள் விரிகிறது. ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது. உதிர்ந்த மகரந்தத்தூளுக்குச் சில நிமிடங்களே உயிர். அந்த நேரத்தில் அடைமழை பெய்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே நேரத்தில் தெளிப்பான் கொண்டு மருந்தடிப்பது நாமே மழையை வரவழைப்பதுபோல் ஆகும்.

எந்தப் பதர் எதனால் வந்தது?

எல்லாப் பதரும் ஒன்றல்ல. நல்ல பயிரிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பதர் இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

கதிர் முழுவதும் வெளுத்து நிமிர்ந்து நின்று, பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வந்தால், அது தண்டுத் துளைப்பானின் வேலை. இதுவே வெண்கதிர். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, மேலே மணி பிடிக்காமல் இருந்தால் குலைநோய். உமியின் மேல் பழுப்புப் புள்ளி இருந்து, உள்ளே பால் உறிஞ்சப்பட்டிருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. இவை மூன்றிலும் கருப்பையின் மேல் குற்றமில்லை.

பச்சையான, நோயில்லாத கதிரில் நல்ல மணிகளுக்கு நடுவே ஆங்காங்கே தட்டையான நெல் இருந்தால், அவை கருவுறாமல் போனவை. பூத்து ஒரு வாரம் கழித்து அப்படிப்பட்ட நெல்லை நகத்தால் பிரித்துப் பார்க்கலாம். கருவுற்ற சூற்பை அதற்குள் உமியின் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். கருவுறாதது வளராமல் சிறு துணுக்காக அடியில் வாடிக் கிடக்கும்.

கதிரின் அடிப்பகுதியில் மட்டும் அரைகுறையாக மாவு பிடித்த கருக்காய் மிகுந்திருந்தால், அவை கருவுற்றவைதான். பிறகு உணவு கிடைக்காமல் நின்றுபோனவை. கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து வருவதால், கடைசியில் பூக்கும் அடிப்பகுதிக்கு உணவு கடைசியாகவே சேர்கிறது. பூத்தபின் தண்ணீர்த் தட்டுப்பாடு, பயிர் சாய்தல், கண்ணாடி இலை நோயால் கருகுதல் ஆகியவை இதற்குக் காரணம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பட்டம் தவறாமல் விதைக்க வேண்டும். பூக்கும் நாட்கள் கடும் வெயிலிலோ அடைமழையிலோ விழாதபடி, ரகத்தின் வயதைக் கொண்டு முன்கூட்டியே நாளைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

2. தண்ணீர் குறைவாக இருந்தால் அதைக் கண்ணாடி இலைப் பருவத்துக்கும் பூப்புக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். முன்பருவங்களில் காயவிட்டுப் பாய்ச்சலாம். இந்த 20 நாட்களில் நிலம் ஈரம் காயக்கூடாது, 5 செ.மீ. உயரம் நீர் நிறுத்தினால் போதும்.

3. தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல், அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் பிரித்து இடவேண்டும். தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாயும், குலைநோயும் பூச்சியும் வரும், கருக்காயும் கூடும்.

4. பூக்கும் நாட்களில் காலையில் மருந்து தெளிக்கக் கூடாது. அவசியமானால் மாலை 3 மணிக்கு மேல் தெளிக்கலாம். பக்கத்து வயல்காரரும் இதை அறிந்திருப்பது நலம்.

5. பூத்து ஒரு வாரம் கழித்து, வயலின் பல இடங்களிலிருந்து பத்துக் கதிர்களைப் பறித்து, பதரை எண்ணி, மேலே சொன்னபடி பிரித்துப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பட்டத்துக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டி.

மற்றப் பயிர்களில்

மக்காச்சோளக் கதிரில் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்குச் சொந்தமானது. பட்டு வெளிவரும் சமயம் வறட்சி வந்தால் பட்டு பிந்தும், மகரந்தம் தீர்ந்துபோகும், கதிரின் நுனி பொக்கையாகும். ஆகவே பட்டு தோன்றும்போது தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

சூரியகாந்தியில் மகரந்தம் ஒரு பூத்தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போனால்தான் நன்றாக மணி பிடிக்கும். தேனீ குறைவான இடங்களில், பூக்கும் காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை 9 முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் பூத்தட்டுகளை மாறி மாறி மெதுவாகத் தடவிவிடலாம். அடுத்தடுத்த பூத்தட்டுகளை ஒன்றோடொன்று மெல்ல உரசிவிடுவதும் உண்டு.

பூசணி, வெள்ளரியில் காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பி வளைந்தால், அந்தப் பக்கத்துச் சூல்கள் கருவுறவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அங்கும் காலை வேளையில் மருந்தைத் தவிர்த்துத் தேனீயைக் காப்பதே வழி.

நிலக்கடலையில் பூ கருவுற்ற பிறகுதான் விழுது இறங்குகிறது. விழுதின் நுனியில் உள்ள சிறு கரு மண்ணுக்குள் புகும்வரை வளராமல் காத்திருக்கும். மண்ணுக்குள் போனபின் அதற்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் பொக்குக் கடலை குறையும்.

வீரிய ஒட்டு விதையும் கருப்பையும்

வீரிய ஒட்டு ரகத்தின் நெல்லை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் பயிர் ஒரே சீராக வருவதில்லை, விளைச்சலும் குறைகிறது. இதற்குக் காரணமும் குன்றல் பகுப்பில்தான் இருக்கிறது. தாயிடமும் தகப்பனிடமும் பெற்ற குணங்கள் அந்தப் பகுப்பில் கலைந்து, ஒவ்வொரு முட்டை அணுவிலும் ஒவ்வொரு விதமாகச் சேர்கின்றன. அதனால் சிறு விவசாயி ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கலைப்பு இல்லாத தாவரங்களும் உண்டு. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில் மாடுகளுக்கு மேய்ச்சலாக இருக்கும் கொழுக்கட்டைப் புல் அவற்றில் ஒன்று. அதில் பெரும்பாலும் குன்றல் பகுப்பு நடந்த அணுவுக்குப் பதிலாக, பக்கத்திலுள்ள சாதாரண உயிரணு ஒன்று கருப்பையாகிவிடுகிறது. அதன் முட்டை அணு ஆண் அணுவுடன் சேராமலே கருவாகிறது. ஆகவே விதையிலிருந்து வரும் புல் தாயைப் போலவே இருக்கிறது.

நெல்லிலும் இதைக் கொண்டுவர முடியும் என்று 2018-ல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் காட்டினர். குன்றல் பகுப்பைச் சாதாரணப் பகுப்பாக மாற்றி, முட்டை அணு தானாகக் கருவாகும்படி செய்தனர். அப்போது தாயை ஒத்த விதை ஒரு பகுதியே கிடைத்தது. 2022-ல் வெளியான ஆய்வில், வீரிய ஒட்டு நெல்லில் கிடைத்த விதைகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் தாயை ஒத்திருந்தன. இது முழுமை பெற்று வயலுக்கு வந்தால், வீரிய ஒட்டு நெல்லின் விதையை விவசாயி தன் குதிரிலிருந்தே எடுத்துக்கொள்ள வழி பிறக்கும். இப்போதைக்கு இது ஆராய்ச்சி நிலையில் உள்ளது. மறுபடி விதைக்கலாம் என்று சொல்லி வீரிய ஒட்டு விதையை எவரேனும் விற்றால் நம்ப வேண்டாம்.

அந்த நெல்லிலும் கருவூண் உண்டாவதற்கு மகரந்தம் வந்தே தீரவேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. கரு தானாக வரலாம். அரிசி தானாக வராது. எத்தனை புதிய ரகம் வந்தாலும், கண்ணாடி இலை தோன்றும் நாள் முதல் பூத்து முடியும் நாள்வரை பயிரைக் காப்பது விவசாயியின் பொறுப்பாகவே இருக்கும். அந்த 20 நாட்கள் தண்ணீர் குறையாமலும் காலைத் தெளிப்பு இல்லாமலும் பார்த்துக்கொண்டால், களத்தில் தூற்றும்போது காற்றோடு போவது குறைந்து, மூட்டையில் சேர்வது கூடும்.